பூட்டில் என் சிரித்த முகம்

ரவுட்டர் மாட்டுவதற்காகச் சுவரைத் துளைத்தபோது, உள்ளே போகிற தண்ணீர்க் குழாயையும் சேர்த்துத் துளைத்துவிட்டேன். எலக்ட்ரீஷியன் வேலையில் தலை நரைத்தவன் செய்கிற காரியமில்லை. மாடித் தொட்டியின் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. என் சட்டை, புதுக் கம்ப்யூட்டர் வந்த அட்டைப்பெட்டி, முருகன் படம் எல்லாம் நனைந்தன. நான் கட்டைவிரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு நின்றேன்.

"ஜோதி, நெட்டு நல்லா ஸ்பீடா வருது. பக்கெட் எடுத்துக்கினு வா."

கேபிள் இழுக்க வந்திருந்த ராஜவேலு தரையில் உட்கார்ந்து சிரித்தான். ஜோதிலட்சுமியும் சிரித்தாள்.

ஜோதிலட்சுமி என் மனைவி. அவள் சிரிப்பைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நடந்ததெல்லாம் அதனால்தான். நான் அறைக்குள் நுழைந்தாலே சிரித்துவிடுவாள். நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தமே போதும். ஊரில் எத்தனையோ பேர் மனைவியைச் சிரிக்க வைக்கத் தலைகீழாக நிற்கிறார்கள். எனக்கு அந்தக் கஷ்டம் இருந்ததே இல்லை.

நான் பரசுராமன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் வேலை. வீடு எளாவூரில், செக்போஸ்ட் லாரிகளின் ஹாரன் கேட்கும் தூரத்தில். என் ஜோக்கைக் கேட்க வருகிற கூட்டத்தில், ஆலை கேன்டீனில் நான் உட்காரும் மேசையில் எப்போதும் இடம் கிடைக்காது. எனக்கு மனசும் இளகினது. செக்போஸ்ட்டில் கால் உடைந்து கிடந்த நாய்க்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப்போட்டவன் நான். இப்போதும் அது என் வண்டியைக் கண்டால் நொண்டிக்கொண்டே ஓடிவரும். போலீஸ் ஜீப்பில் என்னை ஏற்றியபோதும் வந்தது.

கம்ப்யூட்டர் வாங்கியது ஜோதியின் வேலைக்காக. ஆஸ்பத்திரி பில்களை வீட்டிலிருந்தே ஏற்றி அனுப்பும் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவாள். சென்னையிலிருந்து பிரேமா என்கிற அவளுடைய மேலதிகாரி ஹெட்போன் வழியாகப் பேசி வேலை வாங்குவாள். எனக்கு அதில் ஆட்சேபமே இல்லை. சுவரைத் துளைத்தவனே நான்தானே.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நான் ஷிப்ட் முடிந்து உள்ளே நுழையும்போதெல்லாம் ஜோதி அந்த ஹெட்போனோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஜோக்கு?" என்று கேட்பேன்.

"ஒண்ணுமில்லங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா இந்தச் சிரிப்பு?"

"சும்மா பேசிக்கினு இருந்தோங்க. டீ போடட்டா?"

நான் சந்தேகப் புத்திக்காரன் இல்லை. அந்தப் பக்கம் ஆணா பெண்ணா என்பது என் கவலையே இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஜோக் மட்டும்தான். கேன்டீனில் நான் சொல்லாத ஒரு ஜோக்குக்கு எல்லோரும் சிரித்தால்கூட, அது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சாப்பாட்டில் கை வைப்பேன். என் வீட்டில், என் கூரைக்குக் கீழே, என் மனைவி சிரிக்கிற ஜோக் எனக்குத் தெரியக்கூடாதா? நியாயமான கேள்விதான் இது. பல நாள் கேட்டேன். நேரான பதில் வரவில்லை.

அதனால் ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது ரவுட்டரின் பின்னால் இருந்த ஒயரை உருவிவிட்டுப் போனேன். எங்கள் ஊரில் யாரும் இதைச் சந்தேகப்பட மாட்டார்கள். உயரமாக வைக்கோல் ஏற்றிய லாரி போனால் கேபிள் அறுந்துபோவது வாடிக்கை. ராஜவேலு வெயிலில் கம்பம் கம்பமாக ஏறிப் பார்த்துவிட்டு, கடைசியில் வீட்டுக்குள் வந்து ஒயரைச் செருகிவிட்டுப் போனான். மறுபடி உருவினேன். மறுபடி வந்தான். அடுத்த தடவை நான் வீட்டில் இருந்தேன்.

"அண்ணே, லைன் நல்லாத்தான் கீது. இந்த ஒயரு எப்படிண்ணே தானா கழண்டுக்குது?"

"எலிடா."

"கிளிப்ப அமுக்கிக் கழட்டிக்கீதே. ஐடிஐ படிச்ச எலியா?"

நல்ல ஜோக். நான் சொல்லியிருக்க வேண்டியது. ஜோதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். ராஜவேலு போன பிறகு அவள் தலையிலிருந்த ஹெட்போனை எடுத்தேன். அதன் ஒயர் கம்மலில் மாட்டியிருந்தது. நான் கொஞ்சம் வேகமாக எடுத்துவிட்டேன் போலிருக்கிறது, கம்மலும் வந்துவிட்டது, காது மடலும் கொஞ்சம். நானே வண்டியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தையல் போட்டவர் எப்படி ஆனது என்று கேட்டார். "காதுல வாங்க மாட்டேங்குறா சார், அதான் வழிய பெரிசு பண்ணி வுட்டேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். கட்டோடு ஜோதியும் சிரித்தாள். அப்படிப்பட்ட குடும்பம் எங்களுடையது.

காது ஆறுவதற்குள் அவள் ஒரு விஷயத்தைச் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு. கம்பெனியில் ஒரு பரீட்சை வைக்கிறார்களாம், கம்ப்யூட்டரிலேயே எழுதுவது. தேறினால் வேலை நிரந்தரம், சென்னை ஆபீஸுக்குப் போக வேண்டும். வேப்பம்பட்டில் அவள் தம்பி வசந்தகுமார் வீட்டில் தங்கி, ரயிலில் போய்வரலாமாம்.

"சனி ஞாயிறு இங்க வந்துடுவேங்க. குழம்பு வச்சி வச்சிட்டுப் போறேன்."

"நான் இன்னா உன்ன கட்டியா போட்டுக்கிறேன்? போயேன்" என்றேன்.

அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அது சிரிப்பு இல்லை, வேறு ஏதோ. அன்றிலிருந்து அவளுக்கு அந்தப் பரீட்சையைத் தவிர உலகத்தில் வேறு ஒன்றும் இல்லை.

இங்கே எங்கள் ஆலையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இயந்திரத்துக்குள் இறங்கி வேலை செய்பவன், முதலில் அதன் கரண்டை நிறுத்தி, சுவிட்ச் பெட்டிக்குத் தன் பூட்டைப் போடுவான். பூட்டோடு சிவப்பு அட்டை ஒன்று தொங்கும். அதில் அவன் படம், பெயர், கீழே இரண்டு வரி: 'உயிர் ஆபத்து. இந்தப் பூட்டை மாட்டியவரைத் தவிர யாரும் திறக்கக் கூடாது.' சாவி அவன் பாக்கெட்டில் இருக்கும். மேனேஜரே வந்தாலும் அந்தப் பூட்டைத் தொடக்கூடாது. ஒரு முறை அவசரக்காரன் ஒருவன் அடுத்தவன் பூட்டை உடைத்தான். உள்ளே இருந்த அன்புராஜை நாங்கள் கோணியில் அள்ளினோம். ஆகவே இது விளையாட்டு அட்டை இல்லை.

ஆலைக் கழிவில் கிடந்த இரும்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து ரவுட்டரையும் அதன் பிளக்கையும் உள்ளே வைத்தேன். என் பூட்டைப் போட்டு என் அட்டையைத் தொங்கவிட்டேன். அட்டையில் இருக்கும் படத்தில் நான் நன்றாகச் சிரித்துக்கொண்டிருப்பேன். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும் என்றுதான் செய்தேன். ஷிப்ட் முடிந்து வந்ததும் நான் திறந்துவிடுவேன், நான் கூட இருக்கும்போது வேலை செய்யலாம். இதில் என்ன கொடுமை?

பூட்டுவதற்கு முன்னால் அவள் ஒயரைப் பிடிக்கப் பெட்டிக்குள் கையை விட்டாள். கதவு கனமான தகடு. நான் மூடிக்கொண்டிருந்தேன். அவள் கையை எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன், எடுக்கவில்லை, நானும் நிறுத்தவில்லை. எனக்கு இந்த மாதிரிக் காட்சிகள் ஆகாது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் அழுத்தி மூடினேன். இரண்டு விரல்கள். பிறகு மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டதும் நான்தான். மிச்ச விரல்களால் அவள் தினமும் மேசையில் தட்டிப் பழகுவதைப் பார்த்தேன். பாவமாக இருந்தது.

பரீட்சை காலையில். அன்று பெட்டியைப் பூட்டி, சாவியையும் அவள் போனையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். ஆலையில் மனசு கேட்கவில்லை. பரீட்சை போய்விட்டதே என்று அழுதுகொண்டிருப்பாள். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, அவளைத் தேற்றலாம் என்று ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

வண்டியை நிறுத்தும்போதே உள்ளே சிரிப்புச் சத்தம்.

அம்மிக் குழவியால் பூட்டை உடைத்திருக்கிறாள். என் அட்டை தரையில் கிடந்தது, நான் மல்லாந்து சிரித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் பரீட்சை ஓடிக்கொண்டிருந்தது. ஜோதி ஹெட்போனோடு என்னைத் திரும்பிப் பார்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"இன்னா ஜோக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லங்க. அஞ்சு நிமிசங்க. முடிச்சிடறேங்க."

கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருந்த ஒயரை உருவினேன். கழற்றிய ஒயரைக் கீழே போடும் பழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது. உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சுற்றிக்கொண்டே போவோம். நீளமான ஒயர், கம்ப்யூட்டரோடு சமையலறை வரைக்கும் அவள் நடமாடட்டும் என்று நானே தாராளமாக வாங்கியது. பாதி சுற்றும்போது அவள் எழுந்து வாசல் பக்கம் போனாள். மீதியை அவள் கழுத்தில் சுற்றினேன். அட்டையில் எழுதியிருந்தது இதுதானே, அவளுக்கும் படிக்கத் தெரியும். கொஞ்ச நேரம் என் கையைப் பிராண்டினாள், நசுங்கின விரல்களாலும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு ஒயரைப் பிரித்தெடுத்து முழுவதும் ஒழுங்காகச் சுற்றி, முடிச்சிட்டு மேசைமேல் வைத்தேன். அவளைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஜாங்கிரி சாப்பிட்டேன். நான் அருகில் இருந்தும் அவள் முகத்தில் சிரிப்பு இல்லாதது அதுதான் முதல் தடவை. வீடு ரொம்ப அமைதியாக இருந்தது.

பரீட்சை முழுக்க லைனில் இருந்த பிரேமா, அது அறுந்ததும் ஜோதி கொடுத்துவைத்திருந்த நம்பரில் வசந்தகுமாருக்குப் போன் செய்ய, அவன் போலீஸுக்குச் சொல்லியிருக்கிறான். ஸ்டேஷனில் நான் எதையும் மறைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் கிறிஸ்டினா மேடம் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். பதிலுக்கு நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அன்னிக்கு இன்னா ஜோக்குன்னு மட்டும் சொல்லிடுங்க மேடம்."

"கொலை பண்ணிட்டு வந்து ஜோக்கு கேக்குறியா? உக்காருய்யா."

வசந்தகுமார் என்மேல் பாய்ந்தான், இரண்டு கான்ஸ்டபிள்கள் பிடித்துக்கொண்டார்கள். "எங்க அக்கா வாயத் தொறந்து ஒரு நாளு கூட உன்னப் பத்திப் பேசுனதில்லடா" என்று அழுதான். அதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சாட்சி சொல்ல பிரேமா வந்திருந்தாள். ஒல்லியாக, சின்ன வயசுப் பெண். நான் ரொம்ப மரியாதையாகவே கேட்டேன்.

"அம்மா, நான் உள்ள வர்றப்பல்லாம் அவ சிரிச்சிக்கினே இருப்பா. அப்படி இன்னா சொல்லுவீங்க?"

அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். மேடம் தலையசைத்தார். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம் சார். உங்க வண்டிச் சத்தம் கேட்டதும், 'அவரு வந்துட்டாரு, இருங்க மேடம், கொஞ்சம் சிரிச்சிக்கிறேன்'னு சொல்லிட்டு சிரிப்பாங்க. சிரிச்ச மூஞ்சியப் பாத்தா அன்னிக்கு அடிக்க மாட்டீங்களாம். கல்யாணமான புதுசுலேர்ந்தே அப்படித்தானாம்."