பன்னிக்கு எந்தத் துப்பாக்கிங்க?

துப்பாக்கி எதுக்குன்னு கேட்டீங்கல்ல, வரிசையாவே சொல்லிப்போடறனுங்க. வரிசை மாறுனா எனக்கு ஆகாது, நோட்டீஸ் எழுதிப் பழகுன கை. ஒண்ணு, எங்க தெருவுக்குன்னு வந்த பஸ்ஸை ஒரு தோட்டத்து வாசலுக்குத் திருப்பிக்கிட்டாங்க. ரெண்டு, கூலி ஏத்திக் கேட்டதுக்கு, எங்க ஆடு மேஞ்ச பொறம்போக்கைக் கம்பி போட்டு வளைச்சாங்க. மூணு, அதை நோட்டீஸ் அடிச்சு ஒட்டுனதுக்கு எம்மேல தேங்காய்த் திருட்டுக் கேஸு. காலம்பூரா சங்கத்துல இருந்தவனுங்க நான். கேக்கறதா இருந்தா தோப்பையே கேட்டிருப்பேன், தேங்காயவா திருடுவேன்? நாலு, போன ஆடியில, சோளத்தட்டு அறுத்துட்டு இருந்த என் தங்கச்சி ராசம்மாளைப் பன்னின்னு சுட்டுப்போட்டாங்க. பட்டப்பகல்ல. பன்னி எங்கீங்க செகப்புச் சீலை கட்டும்?

இருங்க, அஞ்சு இருக்குது. சுட்டது யாருன்னு போலீஸ் கண்டுபுடிச்சுப்போட்டாங்க. அவ பெத்த மகன் பிரவின்குமாராம்! நாட்டுத் துப்பாக்கியில ஆணியை ரொப்பிச் சுட்டானாம். பையன் இங்க கணபதிப் பக்கம் லேத்துப் பட்டறையில இருக்கறான். லேத்து ஓட்டறவனுக்குத் துப்பாக்கி செய்யத் தெரியாதான்னு எழுதிட்டாங்க. ஜெயில்ல கெடக்கான். ஆத்தாளுக்குக் கொள்ளி வெக்கக் கூட உடலீங்க. திங்கக்கெழம ஜாமீன் மனு வருது.

எங்க பக்கம் துப்பாக்கி இருந்தது ஒரே ஒரு ஊட்டுலதானுங்க. பஸ்ஸைத் திருப்பிக்கிட்ட அந்தத் தோட்டத்துப் பண்ணாடி ஆர்.டி.ஓ. முன்னால கையக் கட்டி நின்னு, அது எங்க தாத்தா காலத்துலயே ஆத்து வெள்ளத்துல போயிருச்சுங்க, நான் தொட்டதே இல்லீங்கன்னு சொல்லிப்போட்டாரு. செரின்னு எழுதிக்கிட்டாங்க. ஆறு வந்து இல்லைன்னு சொல்லப்போவுதா?

அதான், நாமளும் ஒண்ணு வாங்கி வெக்கலாமேன்னு வந்தனுங்க.

லைசென்ஸுக்கு மனு குடுத்திருக்கேன். வர்றதுக்குள்ள பொருளப் பார்த்து வெக்கக் கூடாதுங்களா? பொண்ணைக் கூட பார்த்துட்டுத்தானுங்க பேசி முடிக்கறோம். ஊரா? மேக்கால, யானை வர்ற பக்கம். பெஞ்சுல உக்காந்திருக்கறவரு நாசர் பாய், கருமத்தம்பட்டியில தறிச் சங்கம். அந்த அம்மணி நம்ம மதிவதனி. போன்ல படம் புடிச்சுட்டு இருக்குது, துப்பாக்கிக் கடையப் பார்த்ததே இல்லையாம். கண்டுக்காதீங்க.

இது ஒத்தக்குழலுங்களா? ஊட்டுக் காவலுக்கு இது போதும்ங்கறீங்க. ஒரு வெடி வெடிச்சுட்டு, மறு தோட்டா போடற வரைக்கும் திருடனுக்கு டீ வெச்சுக் குடுக்கோணும். எங்கூட்டுல சங்கத்துக் கொடியும் ரெண்டு சைக்கிள் டியூப்பும்தான் இருக்குது. வந்தவன் எரக்கப்பட்டு ஏதாச்சும் வெச்சுட்டுத்தான் போவான்.

ரெட்டைக்குழல். ஓஹோ. ஒண்ணு ஆளுக்கு, ஒண்ணு சாட்சிக்கு. வசதிதானுங்க.

இது இழுத்து இழுத்துச் சுடறதா? எங்க தெரு அடிபம்பும் இப்படித்தான். சத்தம் வரும், தண்ணி வராது.

விளையாட்டுக்கா? தட்டை மேல எறிஞ்சு சுடுவாங்களா? நல்லா இருக்குதுங்க நாயம். எங்களுக்குச் சோறு போடறதுக்குத் தட்டு இல்லைன்னு எலையக் கையில குடுத்தவங்க, தட்டைப் பறக்க உட்டுச் சுடறாங்க!

வேட்டை பத்திக் கேக்கல. வேட்டையாடுனா சட்டப்படி குத்தம்னு போர்டு மாட்டியிருக்கீங்க, படிச்சனுங்க. போர்டுக்கு மேல அந்த மான்கொம்பு? மான் தானா வந்து செவுத்துல மாட்டிக்கிச்சாட்ட இருக்குது.

பன்னிக்கு எந்தத் தோட்டாங்க? இதா? உள்ள எப்படி இருக்கும்? உருண்டை உருண்டையா, ஈயம். ஆமாங்க. ராசம்மா நெஞ்சுல இருந்து டாக்டரு எடுத்ததும் உருண்டையா ஈயந்தான். ஒரு ஆணி கூட இல்ல. அதைச் சொன்னா, பெரியவரே நீங்க டாக்டருக்குப் படிச்சீங்களான்னு போலீஸ்காரரு கேக்கறாரு. இல்லீங்க, நோட்டீஸுதான் படிச்சிருக்கேன்னேன்.

அக்கட்டால மூலையில, பச்சைத் துணி சுத்தி நிக்குதே, அது?

விக்கறதுக்கில்லையா? கட்டை பாலிசுக்கு வந்ததா? செரிங்க. எங்கள மாதிரி ஆளுக்கெல்லாம் காட்டற சாமான் இல்லைன்னு நேராவே சொல்லிப்போடுங்க, நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்? சீமையில செஞ்சதா? அட, உங்க கடையில அப்படியொண்ணு இருக்குதுங்களா? நம்பற மாதிரி இல்லீங்க. சாமி, துணியை மட்டும் வெலக்குங்க, கண்ணுலயாச்சும் பார்த்துக்கறேன்.

அடேங்கப்பா. ரெட்டைக்குழல். கட்டையில வெள்ளித் தகடு வேற.

அம்மணி, படம் ஓடுதா? கிட்ட வாங்க. நாசர் பாய், எந்திரிங்க. கதவு தொறந்தே இருக்கட்டும், ரோட்டுல போறவங்களும் கேக்கட்டும்.

கடைக்காரரே, சுந்தரராஜுலுங்க, பதறாதீங்க. நான் தொடமாட்டேன். நீங்களும் துணியை மறுக்கா சுத்தாதீங்க. மதிவதனி வக்கீலுங்கறதைச் சொல்ல மறந்துட்டேன் பாருங்க, வயசாச்சுல்ல.

காளியாத்தாள்னு ஒருத்தி, அந்தப் பண்ணாடி ஊட்டுல வாசல் கூட்டறவ. வருசா வருசம் ஆயுத பூசைக்குத் துப்பாக்கிக்கு வெக்கச் சந்தனம் அரைச்சுக் குடுப்பா. இந்த வருசம் அரைக்க வேண்டாம்னுட்டாங்களாம். ஏனுங்கன்னு கேட்டதுக்கு, பாலிசுக்குக் கோயமுத்தூரு போயிருக்குதுன்னு ஊட்டம்மா வாய் தவறிச் சொல்லிப்போட்டாங்க. வெள்ளத்துல போனது பாலிசுக்குப் போவுமாங்க? கடை கடையா ஏறி எறங்கி, மூணாவது கடை உங்களுது.

அந்தக் குடும்பத்துல ஒரு வழக்கமுங்க. துப்பாக்கி யாரு கைக்கு வருதோ, அந்த வருசப் பூசையில அவங்க பேரைத் தகட்டுல வெட்டிக்குவாங்க. ஊட்டை உட்டே துப்பாக்கியைக் கடத்துன மனுசன், பேரைச் சொரண்டியிருக்கலாம்ல? மனசு வரலீங்க. தாத்தன், அப்பன் பேருக்குக் கீழ தம்பேரு. ராசம்மாளைச் சுட்டுப்போட்டு நிம்மதியாத் தூங்குனவரு, வெள்ளியில ஒரு கீறல் உழறதைத் தாங்கமாட்டாரு.

ரெண்டு பேரும் சாட்சி. சத்தமாப் படிக்கறேன். மேல, நாச்சிமுத்து. அது தாத்தன், செத்துப் போய்ட்டாரு. நடுவுல, பழனியப்பன். அது அப்பன், அவரும் இல்ல. கீழ, புது வெட்டு, இன்னும் கறுக்கவே இல்ல.

ஈஸ்வரமூர்த்தி.