செவ்வாய்க்கிழமைப் பதிவு

காபியைக் குடித்துவிடுங்கள், இன்ஸ்பெக்டரம்மா. எங்கள் வீட்டுப் பால் கெட்டி, ஆறினால் ஆடை கட்டிவிடும். கேட்காமலே எல்லாம் சொல்கிறேன்.

ஒரு மனுஷிக்குள் புது மொழி எப்படி வளர்கிறது என்பது என் ஆராய்ச்சி. அது படிப்படியாக ஏறாது. தென்னேரி ஏரித் தண்ணீர் மாதிரி மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். ஒரு நாள் கரை தாண்டும். அந்த நாளைப் பிடிக்க ஒரே ஆளின் பேச்சை வாரம் தவறாமல் பதிவு செய்ய வேண்டும். வெளியிலிருந்து சின்னத் தொந்தரவு வந்தாலும் முழுப் போக்கும் மாறிவிடும்.

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற பரசுராமன், ஒடிசாவிலிருந்து மினதியைக் கட்டிக்கொண்டு வந்தான். ஒரு தமிழ்ச் சொல்கூடத் தெரியாதவள்; செவ்வாய்தோறும் போய் அவள் பேச்சைப் பதிவு செய்தேன். தினமும் தாயோடு போனில் ஒடியாவில் பேசினாள். அது பதிவைக் கெடுக்கும் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"படிச்சவங்க, நீங்களே சொல்லிட்டீங்கமா. ஆத்தாகாரிகிட்ட பேசிக்கினே இருந்தா நம்ம பேச்சு எப்ப வரும்?" என்று பரசுராமன் போனைப் பிடுங்கிக்கொண்டான். அக்கம்பக்கத்துப் பேச்சும் கலக்கும் என்றேன். தறிச் சத்தம் எட்டாத பின்னறையை ஒழித்து, அவளை அங்கே வைத்தார்கள். கதவுக்கு வெளியே தாழ்ப்பாள்.

இருபத்தாறாவது செவ்வாய் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கதவு தொறந்து வுடு. அடிக்கிறாங்க. நான் அம்மாகிட்ட போறேன்."

அதுவரை இரண்டு சொல் சேர்த்துப் பேசாதவள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னோடு சேர்ந்து கணக்குப் போடும் கணிதப் பேராசிரியர் கலியாணசுந்தரத்துக்கு, எத்தனை சொல் சேர்த்துப் பேசினாள் என்ற எண்களை மட்டும் அனுப்பினேன்.

"என்ன மேடம், கோடு எகிறிக்கினு போகுது, உங்க பொண்ணுக்குப் பேய் கீய் புடிச்சுக்கிச்சா?" என்று சிரித்தார். அவள் என்ன சொன்னாள் என்பது அவருக்குத் தெரியாது. அவரை விட்டுவிடுங்கள்.

திறந்துவிட்டிருக்கலாம். பார்க்கப் போனவள் நடுவில் கைவைத்தால் அப்புறம் அது என்ன ஆராய்ச்சி? வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டது நான்தான். அடுத்த பதினொரு செவ்வாயும் நான்தான் போட்டேன். ஒவ்வொரு வாரமும் இன்னும் தெளிவாகக் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

நீங்கள் மீட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியில் யாரோடும் பேசவில்லை, தாய் வந்து ஒடியாவில் கூப்பிட்டும் வாய் திறக்கவில்லை என்கிறீர்கள். நான் அவளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை, அம்மா. வெறுங்கையோடு ஒரு நாளும் போனதில்லை. மல்லிகைப்பூ வாங்கிப் போவேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளைக்குச் செவ்வாய். அவள் கட்டிலருகே ஒரு மணி நேரம் ரெக்கார்டரை வைக்கச் சொல்லுங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை, அதுவும் கணக்கில் சேரும். முப்பத்தேழு வாரமாக யாரும் கெடுக்காமல் காப்பாற்றி வைத்திருக்கிறேன்.