மூன்றாவது பாட்டின் சரணம்

எனக்குக் கிடார் பிடிக்காது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நல்ல கையில் இருந்தால் அதுவும் ஒரு வாத்தியம்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாளைக்குப் பேப்பர்காரர்கள் கண்டதையும் எழுதுவார்கள். வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதும் அதற்காகத்தான். இன்ஸ்பெக்டர் மோகன்ராஜ் அவர்களே, உங்கள் ரைட்டர் நல்ல மனிதர். ஆனால் அவர் எழுதும் தமிழுக்குக் கீழே என் கையெழுத்து விழுவதை என்னால் தாங்க முடியாது.

என் பெயர் கஸ்தூரிரங்கன். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. சேலையூரில் சொந்த வீடு. ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்தப் பக்கத்து வீடுகளின் கேட்டுக்குள் இலவசமாக ஒரு பத்திரிகையை வீசிவிட்டுப் போவார்களே, அதில் 'இசைத் தராசு' என்று பத்தி எழுதுகிறேன். பெரும்பாலோர் அதை அலமாரியில் விரிக்கத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். குரோம்பேட்டையிலிருந்து வண்டலூர் வரை காது உள்ளவன் ஒருவனாவது வேண்டாமா என்றுதான் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டேன்.

ஹேமநாத் கோவளம் குப்பத்துப் பையன். அவன் அம்மா முத்தாலம்மாள் கேம்ப் ரோட்டில் மீன் விற்கிறாள். தாம்பரத்தில் காலேஜ் படிக்க வந்தவன் கிடார் பிடித்து, தானே மெட்டுப் போட்டு, 2006-ல் 'உப்புக் காத்து' என்று ஒரு ஆல்பம் கொண்டுவந்தான். அதைப் பொறுமையாகக் கேட்டு, நியாயமாக எழுதினேன். மெட்டுகள் சவ்வு மிட்டாய் போல இருக்கின்றன, பல்லில் ஒட்டுகின்றன, வயிற்றுக்கு ஒன்றுமில்லை என்றேன். மூன்றாவது பாட்டின் சரணத்தில் சுருதி விலகுகிறது என்றேன். குரல் கிடாருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது, பாடுபவன் மைக்கில் உதட்டை வைத்துப் பாடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் எழுதினேன்.

மற்றவர்கள் எழுதியதையும் நீங்கள் படிக்க வேண்டும். ஒரு இங்கிலீஷ் பேப்பர் அந்த ஆல்பத்தைப் புதிய காற்று என்றது. அவர்கள் ஃபிரிட்ஜைத் திறந்தாலும் புதிய காற்று என்றுதான் எழுதுவார்கள். ஷேர் ஆட்டோவில் அந்த மூன்றாவது பாட்டு, செல்போன் ரிங்டோனில் அந்தப் பாட்டு. ஆர்குட்டில் ரசிகர் குழு ஒன்று வேறு. அறியாமல் பேசுகிறார்கள், திருத்தலாம் என்று நானும் அதில் சேர்ந்து, பாட்டுப் பாட்டாகக் குறைகளை விளக்கினேன். சின்மயி என்ற பெண் பதில் போட்டிருந்தாள்: "அங்கிள், பாட்டு நல்லா இருக்கு, அவ்ளோதான். நீங்க ஏன் டென்ஷன் ஆகறீங்க?" அந்தத் தலைமுறையின் மொத்த இசை ஞானமும் அந்த 'அவ்ளோதான்' என்ற ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிடும்.

பிறகு போஸ்டர் வந்தது. 'இனிமையான மெட்டு மட்டும் போதும், வேறெதுவும் வேண்டாம் என்பவர்கள் இந்த ஆல்பத்தைக் கேட்கலாம்' என்று எழுதியிருந்தேன். ரசிகர்கள் நடுவில் இருந்ததை வெட்டிவிட்டு, 'இனிமையான மெட்டு... இந்த ஆல்பத்தைக் கேட்கலாம்' என்று என் பெயரோடு அச்சடித்து, தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டு வரை ஒட்டிவிட்டார்கள். ஆபீசில் கை கொடுத்தார்கள். என் பத்தியை அதுவரை யாருமே படித்ததில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்காகக் கோபப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். எனக்குக் கோபம் வருவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹேமநாத்தே வீட்டுக்கு வந்தான். கையில் ஸ்வீட் பாக்ஸ். போஸ்டருக்கு மன்னிப்புக் கேட்டான், பசங்க செய்தது என்றான். "நீங்க எழுதினது கரெக்ட்டு சார். வாய்ஸு பின்னாடியே நிக்குது. அடுத்த ப்ரோக்ராம்ல மைக்க ஒட்டியே பாடறேன்" என்றான். சண்டை போட வந்திருந்தால் அவனை மதித்திருப்பேன். என் மனைவி ரமா அவனுக்கு வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தாள். அவன் வாசலில் கழற்றி வைத்திருந்த ரப்பர் ஷூவைக் காட்டி, என்ன தம்பி இவ்வளவு தடிமனாக என்று கேட்டாள். "மைக்கு ஒதட்டுல பட்டா சுர்ருனு இழுக்கும்மா. பெருங்களத்தூர்ல ஒரு தபா கரண்ட்டு தூக்கி அடிச்சுது. அதுலேர்ந்து மேடைல இத்த கய்ட்டறதே இல்ல" என்று சிரித்தான். நான் கேட்காமலே வந்த தகவல் அது.

அவன் போன பிறகு ரமா சமையலறையில் அந்த மூன்றாவது பாட்டை முணுமுணுத்தாள். கல்யாணமான புதிதில் அவள் பாடுவாள். குரலில் பிசிறு இருக்கிறது என்று சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன், அவளும் நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு பாட்டு வந்தது அன்றைக்குத்தான். நான் உள்ளே போனதும் குழாயைத் திறந்துவிட்டாள்.

விநாயகர் சதுர்த்திக்கு எங்கள் நகரில் பிள்ளையார் கோயில் முன்னால் கச்சேரி வைப்பது வழக்கம். நலச்சங்கத்துக்கு நான்தான் செயலாளர், மேடை ஏற்பாடும் என் பொறுப்பு. ஹேமநாத்தான் வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள். நான் மறுக்கவில்லை, அவன் நம்பரையும் நானே கொடுத்தேன்.

சவுண்ட் செட் துலுக்காணத்தினுடையது. அன்று சாயங்காலம் அவன் மேடைக்குப் பக்கத்தில் கம்பி அடித்து, தண்ணீர் ஊற்றி, எர்த் ஒயர் கட்டினான். நான் கூடவே நின்றேன். "ஆம்ப்ளிஃபயர் பழசு சார், பாடில லீக்கேஜ் கீது. எர்த்து போட்டுட்டா ஒண்ணியும் ஆவாது" என்றான். சுத்தமான வேலை. அவன் டீ குடிக்கப் போனான். சிமெண்ட் மேடையை நன்றாகக் கழுவிவிடச் சொன்னேன். சாமி மேடைதானே, கழுவுவது முறை.

ஹேமநாத் படியேற வந்தபோது கீழே நின்றிருந்தேன். பிள்ளையார் சந்நிதிக்கு நேர் எதிரே, ஷூவைக் கழற்றிவிட்டு ஏறு என்றேன். எங்கள் கோயில் மேடையில் யாரும் செருப்போடு ஏறுவதில்லை. அவன் ஒரு நிமிஷம் தயங்கி, "எர்த்து போட்டாங்களா சார்?" என்று கேட்டான்.

"போட்டதை நானே பார்த்தேன்" என்றேன்.

அதில் பொய் எதுவும் இல்லை. போட்டதைப் பார்த்தேன். துலுக்காணம் டீக்குப் போன பிறகு அதை அவிழ்த்ததும் நான்தான், அதையும் பார்த்துக்கொண்டுதான் செய்தேன். ஹேமநாத் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

அவன் ஷூவைப் படியோரம் ஜோடியாக வைத்தான், மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஈரத்தில் வெறுங்காலோடு நின்று, கிடாரை மாட்டி, மைக்கில் உதட்டை வைத்தான். என் விமர்சனத்தை ஒரு வரி விடாமல் படித்து அதன்படி நடந்தவன் அவன் ஒருவன்தான். அவன் விழுந்தது கூட்டத்துக்குப் புரிய நேரமாயிற்று. எல்லோரும் அந்தப் பாட்டை அவனுக்கு முன்பே பாடத் தொடங்கியிருந்தார்கள். முத்தாலம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் போட்ட சத்தத்தைப் பற்றி நான் எழுத எதுவும் இல்லை.

துலுக்காணம் அஜாக்கிரதையாக இருந்தான் என்று அவனைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். இரக்கத்தால் நான் இங்கே வரவில்லை. அவன் வேலையில் குறை இல்லை. குறை இல்லாத வேலையைக் குறை என்று எழுதுவதை நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை, அதனால்தான் வந்தேன். ரசிகர்கள் மெழுகுவர்த்தி கொளுத்துகிறார்கள், ஆல்பம் முன்னைவிடப் பத்து மடங்கு விற்கிறதாம். ஒரு மோசமான பாட்டை நிறுத்தப் போய் ஊர் முழுக்கப் பரப்பிவிட்டேன். இதில் என் குறை அது ஒன்றுதான்.

நேற்று ரமா சாப்பாடு கொண்டுவந்தாள். கேரியரைக் கம்பிக்கு அருகில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள். வாசல் தாண்டியதும் அதே பாட்டை, இம்முறை மெதுவாக இல்லாமல், பாடிக்கொண்டே போனாள். குரலில் பிசிறு அப்படியேதான் இருந்தது.

உங்கள் ஏட்டு காலையில் என்னிடம் கேட்டார்: "இன்னா சார், நீங்களும் அந்தப் பாட்டையே பாடிக்கினு கீறீங்க?" அவரைத் திருத்தினேன். நான் பாடவில்லை. மூன்றாவது பாட்டின் சரணத்தில் சுருதி விலகும் இடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். பலமுறை பார்த்துவிட்டேன், அந்த இடம் இன்னும் கைக்கு வரவில்லை. இருக்கும், இல்லாமல் நான் எழுதியிருக்க மாட்டேன்.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள் சார். அந்த சிடி எங்கேயாவது கிடைத்தால் ஒருமுறை போடச் சொல்லுங்கள். குறையைக் கண்டுபிடிக்கத்தான் கேட்கிறேன், வேறு எதற்கும் இல்லை.