புளி போட்டுத் தேய்த்த பல்லவர் காசு

மண்ணெண்ணெய் வரிசையில் டின் இல்லாமல் போய் நின்ற புத்திசாலி நான். பாதி தூரம் நகர்ந்த பிறகுதான் வெறுங்கை என்று தெரிந்தது. அப்போதும் வீட்டுக்குத் திரும்பவில்லை. எனக்கு முன்னால் நின்ற பெண் தன் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்ன கதை அப்படி:

"எங்க வூட்டுக்காரரு ஒரு மாசமா காளைய எண்ணெய்ல ஊறப் போட்டிருந்தாரு, செல்லம்மா."

"எந்தக் காளைய?"

"பாலாத்து மணல்ல கெடச்ச செப்புக்காசுல இருக்குதே, அது. பல்லவ ராஜா காசாம். எண்ணெய்ல ஊறினா களிம்பு தானா கழண்டுக்கும், யாரும் தொடாதீங்கன்னாரு. தறியில உக்காந்துக்கினே கிண்ணத்தைப் பாத்துக்கினு இருப்பாரு."

"சரி."

"நேத்து வெள்ளிக்கெழமையா, பூஜை சாமானோட அதையும் புளி போட்டுத் தேச்சுட்டேன்."

"பளபளன்னு ஆச்சா?"

"ஆச்சு. காளையில வாலு மட்டும் மிச்சம் இருக்குது."

"அவரு பாத்தாரா?"

"இல்லம்மா. காசைப் பாக்கறதுக்கு மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தரு வராரு. அவரைக் கூட்டியார புதுச்சட்டை போட்டுக்கினு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்காரு."

"எலுமிச்சம்பழமும் உப்பும் தடவி, கழுவாம அப்படியே வையி. பழையபடி பச்சை ஏறிடும்."

"பச்சை ஏறும். காளை ஏறுமா?"

"கேட்டா மேயப் போச்சுன்னு சொல்லு."

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"வந்ததும் உண்மையைச் சொல்லிடறதுதாம்மா நல்லது" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நீங்களே வந்து சொல்லுங்க."