மீமிசல் வண்டிக்கு ஸ்டட்டா, போல்ட்டா?

அக்கிராசனம் வகிக்கும் எங்கள் முதலாளி சிவசாமி அவர்களே, அரிமளத்திலிருந்தும் மீமிசலிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, பட்டறைத் தோழர்களே, மீமிசல் பஸ் வண்டி டிரைவர் ஆண்டியப்பனின் வணக்கம்.

நமது மெக்கானிக் மேஸ்திரி குழந்தைசாமி அவர்கள் போய்விட்டார். முந்தாநாள் மத்தியானம் சோற்றுக்குப் போனவர், கை கழுவிவிட்டுச் சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை. இங்கே மீமிசல் வண்டியின் எஞ்சின், மேல்மூடியான ஹெட் கழற்றியபடி திறந்து கிடக்கிறது. நான் அவரைப் பற்றிப் பேசுவதா, அந்த எஞ்சினைப் பற்றிப் பேசுவதா? எனக்கு இரண்டும் கலந்து கலந்து வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேஸ்திரியிடம் யார் எது கேட்டாலும் ஒரே பதில்தான். போன சித்திரையில் அரிமளம் தாண்டி வண்டி நின்றது. ஹெட் ஓரத்தில் தண்ணீர் கசிந்து ஆவி பறந்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற செவந்தி உள்ளே இருந்தாள். ஆள் அனுப்பினோம். ஸ்பானரைத் துண்டில் கட்டிக்கொண்டு மேஸ்திரி சைக்கிளில் வந்தார். “பொழுது சாயறதுக்குள்ள ஊரு சேர்த்துருவீங்களாண்ணே?” என்றாள். “ஆகட்டும் ஆத்தா” என்றார். சேர்த்தார்.

எல்லோருக்கும் ஆகட்டும் என்பார். பிறகு தன் கைக்கு எது சரியென்று படுகிறதோ அதைத்தான் செய்வார். அதுதான் இப்போது எங்களைத் திண்டாட வைத்திருக்கிறது.

ஹெட்டைக் கீழே எஞ்சின் உடம்பான பிளாக்கோடு இறுக்கிப் பிடிக்க எதைப் போடுவது? பழையது ஸ்டட். பிளாக்கில் நிரந்தரமாக நிற்கும் மரைக் கம்பி, மேலே நட்டுப் போட்டு இறுக்க வேண்டும். முதலாளியோ திருச்சியிலிருந்து புது போல்ட் வாங்கி வந்தார். “போல்ட்டே போட்டுருங்க மேஸ்திரி” என்றாராம். “ஆகட்டுங்க.” பிட்டர் ராசு, “ஸ்டட்டுலேயே நல்லதாப் பொறுக்கிப் போட்டுருவம்ணே” என்றாராம். “ஆகட்டும் ராசு.” நான், “எதையாச்சும் போடுங்க, நடுவழியில மட்டும் விட்டுராதீங்க” என்றேன். “ஆகட்டும்ப்பா.” எந்த ஆகட்டும் நிஜமான ஆகட்டும்?

நேற்று பிளாக்கைப் போய்ப் பார்த்தோம். ஒரு கோடியில் ஒன்றும் எதிர்க்கோடியில் ஒன்றுமாகப் பழைய ஸ்டட்டுகள் நிற்கின்றன. மற்ற ஓட்டைகள் காலி. “தொடங்கிட்டாருல்ல, இனி ஸ்டட்டுதான்” என்கிறார் ராசு. “ஹெட்டு நகராம எறங்குறதுக்கு நட்டிருக்காரு. எறக்கிட்டு அதைக் கழட்டிப்புட்டு போல்ட்டுதான் போட்டிருப்பாரு” என்கிறார் முதலாளி. இரண்டும் நியாயம். மேஸ்திரி இரண்டு விதமாகவும் செய்கிறவர்தான். நான் யாரைக் கேட்பேன்?

போல்ட் போட்டால், ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் பிளாக்கின் மரையே தேயும். இந்த யுத்த காலத்தில் வேறு பிளாக்குக்கு எங்கே போவது? ஸ்டட் போட்டால், அதில் ஒன்று இழுபட்டு நீண்டு போயிருந்தாலும் ஹெட் மறுபடி கசியும். மீமிசலுக்கு இருப்பது இந்த ஒரு வண்டி. அதை ஓட்டப் போகிறவன் நான். எனக்குத் தலை சுற்றுகிறது, பெரியோர்களே.

இன்று காலை அவர் மனைவி மீனம்மாளிடம் கேட்டேன். துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் கேட்டேன். “ஸ்டட்டா போல்ட்டான்னு ஏதாச்சும் சொன்னாங்களா மதினி?”

மதினி என்னையே பார்த்தார்கள். “எனக்கு அதெல்லாம் தெரியாது தம்பி. அவுங்க சாம்பலை மீமிசல் கடல்ல கரைக்கணும். ஒங்க வண்டியிலதான் கொண்டுபோகணும். வண்டி ஆயிருமா?”

என் வாயில் என்ன வந்தது தெரியுமா? “ஆகட்டும் மதினி.” சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

ஆக, ரிப்பேர் முடிந்து கிளம்பும் அந்த வண்டியின் முதல் பயணி மேஸ்திரிதான். அவர் பணியைத் தொடர்வோம் என்று நான் இங்கே உறுதி சொல்ல வேண்டும். எதைத் தொடர்வது என்றே இன்னும் தெளியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், முதலாளி மன்னிக்க வேண்டும். அவர் கையால் நட்ட அந்த இரண்டு ஸ்டட்டையும் பிடுங்க எனக்குக் கை வரவில்லை. மிச்ச ஓட்டைகளுக்கும் ராசு ஸ்டட்டையே பொறுக்கட்டும். சரியா தப்பா, தெரியாது. ஹெட்டை இறக்கும்போது நான் வாய்விட்டுக் கேட்பேன்: “மேஸ்திரி, ஸ்டட்டே போட்டுரட்டுமா?”

என்ன பதில் வரும் என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.