நான் என்ன கருவாடா?

மணமேல்குடியிலிருந்து ஜெகதாப்பட்டினம் போகிற டவுன் பஸ்ஸில், "நான் என்ன கருவாடா?" என்று முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த மனைவியிடம் கேட்டார். வயிற்றுப்போக்குக்கு ஆஸ்பத்திரியில் ரெண்டு பாட்டில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புகிறார் போலிருக்கிறது. ஊசி குத்திய கையில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது. அந்த அம்மா உப்பும் சீனியும் கலந்த தண்ணீர்ப் பாட்டிலை நீட்டியபடியே இருந்தார்.

"இருபது வருசமா மீனுக்கு உப்புப் போடுறேன். உப்புப் பட்டா உள்ள இருக்க தண்ணியெல்லாம் வெளிய வந்துரும். எனக்கே சொல்லித்தாரியா?"

"நர்ஸம்மா சொன்னதக் கேட்டீங்களா? கொடல்ல செல்லு இருக்காம். செல்லச் சுத்தி சவ்வு, சவ்வுல கதவு. உப்பும் சீனியும் ஜோடியா வந்தாத்தான் அந்தக் கதவு தொறக்குமாம். அதுக பின்னாடியே தண்ணியும் உள்ள போயிருமாம்."

"சீனி மட்டும் வந்தா?"

"ரெண்டு நாளா சர்பத்தாக் குடிச்சீங்களே, உள்ள நின்னுச்சா? நேத்து கண்ணு சொருகிப்போய்க் கெடந்தீங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோட்டைப்பட்டினம் தாண்டியதும் மறுபடி கேட்டார்.

"அப்ப மீனுக்கு மட்டும் ஏன் கதவு தொறக்கல?"

"அது செத்துப்போச்சுங்க. செத்த ஒடம்புல கதவு வேலை செய்யாதாம். குடிங்க, நீங்க எதுன்னு பாத்துருவோம்."

பாட்டிலை வாங்கி ஒரு வாய் குடித்தார். வாயிலேயே வைத்துக் கொஞ்சம் யோசித்துவிட்டு விழுங்கினார்.

"உப்புப் பத்தல," என்றார்.