அழுக்குப் படாத சட்டை

இந்தக் காபி பரவாயில்லை, மேடம். வாழ்நாளில் பாதியைக் கல்லூரி மைதானங்களில் கழித்தவன் நான். அங்கே கொடுப்பதைக் காபி என்று சொன்னால் காபிக்கே கோபம் வரும். வக்கீல் வரும்வரை நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். உங்கள் வேலையை ஒழுங்காகச் செய்கிறீர்கள், எனக்கு அது பிடித்திருக்கிறது. நானும் என் வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். அதைச் சொல்ல எனக்கு வக்கீல் எதற்கு?

பெயர் ஆர்லன் ஷூல்ஸ். பிறந்து வளர்ந்தது இதே விஸ்கான்சின், இதே ஏரிக்கரை. பிழைப்பு டொலீடோவில், அங்குள்ள அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஆள் பார்க்கிறவன். ஏப்ரல் கடைசியில் தொழில்முறை அணிகளெல்லாம் முறைவைத்துக் கல்லூரிப் பையன்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். யாரை எடுக்கலாம், யாரைத் தொடக் கூடாது என்று முன்னாலேயே போய்ப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். அதிலும் நான் குவார்ட்டர்பேக்குகளை மட்டும் பார்ப்பவன். உங்கள் கணவர்தான் ஆட்டம் பார்ப்பார் என்றீர்கள், அதனால் விளக்கிவிடுகிறேன். பந்து குவார்ட்டர்பேக் கைக்கு வந்ததும் அவனைக் காக்க ஐந்து தடியன்கள் வேலிபோல நிற்பார்கள். எதிரணித் தடியன்கள் அந்த வேலியை உடைத்து அவனை நசுக்க வருவார்கள். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான் அவனுக்கு. அதற்குள், முன்னால் ஓடிக்கொண்டிருக்கிற தன் ஆட்களில் யாரை எதிரி கவனிக்காமல் விட்டிருக்கிறான் என்று கண்டுபிடித்து அவனிடம் எறிய வேண்டும். உயரம், கைப்பலம், உள்ளங்கை அகலம் எல்லாவற்றையும் அளந்துவிடலாம். வேலி சரியும்போது அவனுக்குள் என்ன சரிகிறது என்பதை எதைக் கொண்டும் அளக்க முடியாது.

ப்ரைஸ் ஹாலண்ட் என்று ஒரு பையன். அவனை எடுக்கச் சொன்னது நான்தான். நேர்காணல் அறையில் அவனைப் போட்டுக் கிண்டினோம். சிறையில் இருந்த அவன் அப்பாவைப் பற்றி அசிங்கமாகக் கேட்டோம். முகம் சுளிக்காதீர்கள், எங்கள் தொழிலில் அது வழக்கம். அவன் அசையவே இல்லை. எடுத்தோம். மைதானத்தில் வேலி லேசாக ஆடினாலே அவனுக்குக் கண் செருகிவிடும். இரண்டு வருடம் மண்ணைக் கவ்வினோம். எங்கள் பொது மேலாளர் கர்ட் டாலிவர் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார்.

"என்ன பெருசு, உன் பையன் பந்தைக் கையில வச்சுக்கிட்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி நிக்கிறான்? அடுத்ததும் இப்படி ஆச்சுன்னா என் வேலை போயிரும், ஆனா நான் தனியா வீட்டுக்குப் போக மாட்டேன். உன்னையும் கூட்டிக்கிட்டுத்தான் போவேன்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பையனால் ஒன்று கற்றுக்கொண்டேன். கேள்விக்குப் பயப்படாதவன் அடிக்குப் பயப்படலாம். நாக்கு வேறு, உடம்பு வேறு. அதற்குப் பிறகு உடம்பைச் சோதிக்க ஆரம்பித்தேன்.

சின்னச் சின்னதாகத்தான். காலையில் ஓடப் போகிற பையன்மேல் நாயை அவிழ்த்துவிடுவது மாதிரி. ஒருமுறை, கல்லூரிப் பையன்கள் தங்கியிருந்த விடுதியில் புகை கிளப்பிவிட்டு அபாய மணியை இழுத்தேன். எதிரே காரில் உட்கார்ந்து யார் எப்படி வெளியே வருகிறார்கள் என்று பார்த்தேன். ஒருவன் படியில் உருண்டு கணுக்காலை உடைத்துக்கொண்டான். அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விழுந்து கிடந்தவனைத் தாண்டிக் குதித்து ஓடினானே, அவனும் வேண்டாம் என்றேன். அந்த இரண்டு பேரையும் எடுத்த அணிகள் பின்னால் பட்ட பாடு உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்கும்.

லமோன்ட் பிக்கெட் வேறு ரகம். அலபாமாவிலிருந்து இங்கே படிக்க வந்தவன். அவன் பந்தை எறிய ஆரம்பித்தால் நான் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டுப் பார்ப்பேன். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. ஆள் எடுப்பதில் எங்கள் முறை மூன்றாவது, அதுவரை அவன் மிஞ்சுவான் என்று தெரிந்தது. அவனை எடுத்து அவன் தாக்குப்பிடித்து நின்றுவிட்டால் எங்கள் எல்லோருக்கும் வாழ்வு. இன்னொரு ப்ரைஸ் என்றால் நான் அவ்வளவுதான், இந்த வயதில் என்னை எவன் சேர்ப்பான்? ஒரே ஒரு சிக்கல். அவன் சட்டை.

ஆட்டம் முடிந்து மற்றவர்கள் சேற்றில் புரண்ட எருமைகள் மாதிரி வருவார்கள். இவன் சட்டை இப்போதுதான் சலவையிலிருந்து எடுத்த மாதிரி இருக்கும். அவனை யாரும் தொட்டதே இல்லை. காரணம், வேலிக்கு நடுவே நிற்கிற ஹோய்ட் நீல்சன். இவன் கைக்குப் பந்தைக் கொடுப்பவனும் அவன்தான், இவனோடு ஒரே அறையில் இருப்பவனும் அவன்தான். ஒரு ஆள் அகலத்தில் இரண்டு ஆள். அவனைத் தாண்டி ஒரு கொசு போகாது. நான்கு வருட ஆட்டங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அடி வாங்கினால் லமோன்ட் என்ன ஆவான் என்பதற்கு அதில் ஒரு துளி தடயம் இல்லை.

மார்ச்சில் அவனைப் பார்க்க வந்தேன். அன்று வெள்ளிக்கிழமை, மதியத்திலிருந்தே இங்கே எல்லா மதுக்கடையிலும் பொரித்த மீன். அவனையும் ஹோய்ட்டையும் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்தேன்.

"சார், இவன் மீன் பிடிக்கிற லட்சணத்தை நீங்க பாக்கணும்," என்றான் ஹோய்ட், வாய் நிறைய உருளைக்கிழங்கோடு. "புழுவை மாட்டுடான்னா கண்ணை மூடிக்கிறான். இவனை நம்பியா உங்க டீமு?"

"எங்க ஊர்ல தண்ணி தண்ணியா இருக்கும்டா," என்றான் லமோன்ட். "இங்கதான் உறைஞ்ச தண்ணி மேல வண்டிய ஓட்டிட்டு, சும்மா வாடாங்கிறீங்க. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருவாங்க."

"மரம் இருக்குல்ல? மரத்தை விட்டு விலகாம போனா உனக்கு ஒண்ணும் ஆகாது. நட்டது எங்கப்பாடா."

எங்கள் ஏரி வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கிறிஸ்துமஸ் முடிந்ததும் தெருவில் எறிகிற மரங்களை மீன்பிடி கிளப்காரர்கள் பொறுக்கிப்போய் உறைந்த ஏரியில் வரிசையாக நடுவார்கள். அதுதான் பாதை. ஆற்று வாயருகே கீழே நீரோட்டம் இருப்பதால் பனிக்கட்டி மெல்லிசாகத்தான் இருக்கும், மரவரிசை அங்கே விலகி வளைந்து போகும். மரத்தைப் பார்த்து ஓட்டுகிறவன் பனியைப் பார்ப்பதில்லை.

மறுநாள் விடிந்ததும் ஏரிப் பனிமேல் நிற்கிற தங்கள் மீன்பிடிக் குடிலை வண்டியில் கட்டி இழுத்துவரப் போவதாக ஹோய்ட் சொன்னான். அதோடு அந்தப் பருவம் முடிந்தது, கடைசியாக நின்ற குடில் அவர்களுடையதுதான்.

"நீங்களும் வாங்க சார்," என்றான் லமோன்ட். "நான் விழுந்தா தூக்கிவிட ஆள் வேணும்."

எனக்கு வேலை இருக்கிறது என்றேன். அது பொய்யில்லை.

அவர்களை விட்டுவிட்டு நேரே ஏரிக்குப் போனேன். இருட்டுவதற்கு முன் வேலையை முடித்தேன். வளைவில் நின்ற மரங்களைப் பிடுங்கி ஆற்று வாயைப் பார்த்து நேராக நட்டேன். நட்ட ஓட்டைகளில் தண்ணீர் ஊற்றினேன், உறைந்து பிடித்துக்கொண்டது. ராத்திரி பெய்த பனி என் காலடிகளையும் பழைய தடங்களையும் மூடிவிட்டது. வரும் வழியில் கடையில், பனி உடைந்து விழுந்தவனை இழுத்தெடுக்க ஏணியும் கயிறும் வாங்கினேன். ரசீது உங்களிடம் இருக்கும். அதை நீங்கள் கவனிக்க வேண்டும், மேடம். கொல்ல நினைக்கிறவன் ஏணி வாங்குவானா?

விடியற்காலையில் கரையில் வண்டியை நிறுத்திவிட்டு தொலைநோக்கியோடும் நிறுத்துக் கடிகாரத்தோடும் நின்றேன். அவர்கள் வண்டி மரத்தைப் பார்த்து நேராக வந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. பனி விட்டு முன்சக்கரம் இறங்கியது, பிறகு முகப்பு. நான் கடிகாரத்தை அழுத்தினேன்.

லமோன்ட் கதவைத் திறக்க முயலவில்லை. கதவோடு போராடித்தான் நிறையப் பேர் சாகிறார்கள். அவன் முதல் காரியமாக ஜன்னல் கண்ணாடியை இறக்கினான். வெளியே வந்து இடது கையைப் பனி விளிம்பில் ஊன்றிக்கொண்டு, எறிகிற வலது கையால் ஹோய்ட்டின் காலரைப் பிடித்து இழுத்தான். ஹோய்ட்டின் உடம்பு அந்த ஜன்னலுக்குள் நுழையாது. லமோன்ட் திரும்ப உள்ளே போனான். வெளியே வந்தான். மறுபடி போனான். அப்படி ஒரு நிதானத்தை நான் எந்த மைதானத்திலும் பார்த்ததில்லை. கடைசியில் தனியாக வந்து, எழுந்து நிற்காமல் படுத்தபடியே உருண்டு கரைப்பக்கம் நகர்ந்தான். உறைபனி அறியாத தென்னாட்டுப் பையன், இதை அவனுக்கு ஹோய்ட் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

ஏணி? வண்டியின் பின்னால்தான் இருந்தது. போகத்தான் நினைத்தேன். ஆனால் உதவிக்கு ஆள் வந்துவிட்டான் என்று தெரிந்ததும் அவன் பாரத்தை இறக்கி வைத்துவிடுவான். பிறகு நான் பார்ப்பது அவனுடைய நிதானமாக இருக்காது. சோதனையைப் பாதியில் நிறுத்தினால் அதுவரை பட்டதும் வீண். அவன் தப்பித்துக் கரைப்பக்கம் நகர்ந்ததை உறுதி செய்துகொண்டுதான் கிளம்பினேன். வழியில் முட்டையும் சாசேஜும் சாப்பிட்டேன்.

ஹோய்ட்டுக்காக எனக்கு வருத்தம் உண்டு. நல்ல பையன். அவன் அப்பா தான்தான் மரங்களைத் தப்பாக நட்டுவிட்டதாகச் சொல்லிச் சொல்லி அழுகிறாராமே? அவரிடம் சொல்லிவிடுங்கள், அவர் சரியாகத்தான் நட்டிருந்தார்.

போன வாரம் எங்கள் கடைசிக் கூட்டம். கர்ட் ஆரம்பிக்கும்போதே, எடுக்க நினைப்பவர்களின் பெயர்களை மாட்டிவைக்கிற பலகையிலிருந்து லமோன்ட்டின் பெயரை எடுத்துவிட்டார்.

"சாப்பிடறதில்லையாம். பந்தைக் குடுத்தா வாங்க மாட்டேங்கிறானாம். ஏதோ அதிர்ஷ்டம், உயிரு தப்பிச்சுது. பாவம், விட்டுருவோம் அவனை."

அதிர்ஷ்டம் என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன். அவன் எதை முதலில் செய்தான், எதைச் செய்யாமல் விட்டான், எந்தக் கையை எங்கே வைத்தான் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். இருபது வருடத்தில் அவ்வளவு நன்றாக நான் ஒரு பையனுக்காகப் பேசியதில்லை. முடித்தபோது எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெச்சுகிறார்கள் என்று நினைத்தேன்.

கர்ட் மெதுவாகக் கேட்டார். "பெருசு, இடது கையை ஊன்றினான்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பாத்தேன்."

வாயில் வந்துவிட்டது. எங்கள் தொழிலில் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல மாட்டோம், பார்த்ததைச் சொல்லாமல் விடவும் மாட்டோம். அதன் பிறகு கர்ட் உங்களுக்குப் போன் செய்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பலகையில் அந்தப் பெயரைத் திரும்ப மாட்டினாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். அணிகள் ஆள் எடுக்கிற நாள் வியாழக்கிழமை.

இனிமேல் ஆடவே மாட்டேன் என்று உங்களிடம் சொன்னானா? அடிபட்டவன் பேச்சு அது. எழுந்துவிடுவான். அவன் எழுந்ததை நான் பார்த்திருக்கிறேன், நீங்கள் பார்க்கவில்லை.

கரையில் டொலீடோவிலிருந்து வந்த ஆள் நின்றதாக லமோன்ட் முதல் நாளே சொன்னான், குளிரில் மூளை கலங்கிப் பேசுகிறான் என்று நீங்கள் எல்லோரும் விட்டுவிட்டீர்கள். அவன் கலங்கவே இல்லை, மேடம். நின்றது நான்தான். மரங்களை மாற்றியதும் நான்தான், அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை உள்ளே போவதற்கு முன்னால், கழுத்தளவு தண்ணீரில், ஹோய்ட்டின் தலை இன்னும் வெளியே தெரிந்துகொண்டிருந்தபோது, அவன் கரையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தான். அவ்வளவு நீளக் கரையில் உதவக்கூடிய ஒரே ஆளைக் கண்டுபிடித்தான். கையைத் தூக்கி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அதற்கு முழு மதிப்பெண் போட்டேன்.